படகை எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியும்

சென்ற இதழில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கரையில் இருக்கும் மங்களஜோடி என்கிற ஊரைப் பற்றி எழுதியிருந்தேன். எஞ்சின் இல்லாத நாட்டுப்படகில், மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே ஒருவர் நாணல் காட்டுக்குள் கூட்டிப்போக, கூட வரும் வழிகாட்டி பறவைகளைக் காட்ட, விடியற்காலையில் மூன்று மணி நேரம் சுற்றிவந்த கதை அது. இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த இதழின் கேள்வி பதில் முழுக்க அதற்குத்தான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மங்களஜோடிக்கு எந்த மாதம் போகலாம், எப்படிப் போவது? என்னுடன் அம்மாவும் வருகிறார். 68 வயது, முழங்கால் வலி. அவரால் படகில் உட்கார முடியுமா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடியும்வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரி இரண்டும் உச்சம். மார்ச் வந்தால் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடும், வெயிலும் ஏறிவிடும்.

சென்னையிலிருந்து ஹவுரா பக்கம் போகும் ரயிலில் ஏறி குர்தா ரோட்டிலோ புவனேஸ்வரத்திலோ இறங்குங்கள். அங்கிருந்து காரில் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் டாங்கி வரை வந்து, ஏரிப் பக்கம் திரும்பினால் சில கிலோமீட்டரில் ஊர். புவனேஸ்வரத்திலிருந்து மொத்தம் 70 கிலோமீட்டர் அளவுக்குத்தான், ஆனாலும் அன்று காலையில் புவனேஸ்வரத்திலிருந்து கிளம்பிப் போவதை நான் சொல்லமாட்டேன், முதல் நாளே போய் ஊரிலேயே தங்கிவிடுங்கள். வெளிச்சம் வரும் நேரத்தில் படகில் இருக்கவேண்டும். எட்டு மணிக்குமேல் வெளிச்சமும் கடுமையாகிவிடும், பறவைகளும் இரை தேடி முடித்து ஒடுங்க ஆரம்பித்துவிடும். காலை போகமுடியாவிட்டால் மூன்று மணிக்குமேல் ஒரு சுற்று போகலாம்.

அம்மா விஷயம். தரையோடு தரையாகக் காலை மடக்கி மூன்று மணி நேரம் உட்கார்வது முழங்கால் வலி இருப்பவருக்குக் கொடுமை. முன்பதிவு செய்யும்போதே முதுகு சாய்த்து உட்காருகிற மாதிரி இருக்கை உள்ள படகு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், ஒன்றரை மணி நேரத்தில் திரும்பவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் படகின் நடுவில் காலை வைக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் வைத்தால் படகு ஒருபக்கம் சாயும், அவர் பயந்துபோவார். அப்புறம், கடிதத்தில் நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்த கழிப்பறை பற்றி. படகில் கிடையாது, நாணல் காட்டில் எங்கேயும் இறங்கவும் முடியாது. கிளம்புவதற்கு முன் போய்விடவேண்டும், வேறு வழியில்லை. ஆனால் அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் போகாதீர்கள், நீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் நாம் நினைப்பதைவிட வேகமாக ஆளைச் சோர்வாக்கிவிடும்.

கேள்வி: நான் பறவைப் படம் எடுப்பவன். மங்களஜோடியில் இரண்டாயிரம் மூவாயிரம் கருவால் மூக்கன்கள் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்தன. பறக்கும்போது இறக்கையின் வெள்ளைப்பட்டை தெரியும், அந்தப் படம்தான் வேண்டும். கொஞ்சம் கைதட்டச் சொன்னேன், வழிகாட்டி மறுத்துவிட்டார். இன்னும் பத்தடி நெருங்கச் சொன்னேன், அதற்கும் முடியாது என்று தலையாட்டினார். பணம் கொடுத்து வருகிறவனுக்கு இவ்வளவுகூடச் செய்யக்கூடாதா? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கூடாது. அவர் செய்ததுதான் சரி, அதைச் செய்ததற்கு அவருக்கு நீங்கள் கூடுதலாகவே கொடுத்திருக்கலாம்.

கருவால் மூக்கன் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலும் சைபீரியப் பக்கத்துச் சதுப்புகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து சேர்ந்திருக்கிறது. வந்தபோது உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. இங்கே இருக்கும் நான்கைந்து மாதத்தில், அந்த நீண்ட அலகைச் சேற்றுக்குள் விட்டுவிட்டு எடுத்துப் புழுவும் நத்தையும் தின்று, திரும்பிப் போவதற்கான கொழுப்பைச் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் இரண்டு நஷ்டம். பறப்பதற்குச் செலவான சக்தி ஒன்று, தின்னாமல் போன நேரம் இன்னொன்று. நீங்கள் ஒருவர் ஒரே ஒரு தடவை கைதட்டினால் ஒன்றும் ஆகிவிடாது என்று தோன்றும். அன்று காலை அந்தத் துறையிலிருந்து எத்தனை படகுகள் கிளம்பின என்று எண்ணினீர்களா? ஒவ்வொரு படகிலும் ஒரு கேமரா இருந்திருக்கும், ஒவ்வொரு கேமராவுக்கும் அந்த வெள்ளைப்பட்டை வேண்டியிருந்திருக்கும்.

பறக்கும் படம் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. கூட்டத்திலிருந்து தள்ளி, வெயில் முதுகில் படும்படி படகை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அரை மணி நேரத்துக்குள் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று நாணல் நுனிகளைத் தொட்டுக்கொண்டு தாழப் பறந்து வரும். அது வருவது உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே கூட்டத்துக்குத் தெரிந்துவிடும், சத்தம் மாறும், தலைகள் நிமிரும், அப்புறம் மொத்தக் கூட்டமும் ஒரே போர்வையைத் தூக்கி உதறியமாதிரி எழும். அந்த நேரத்தில் விரலைப் பொத்தானில் வைத்திருந்தால் போதும். பருந்துக்காக எழுகிற கூட்டம் நான்கு பக்கமும் திரும்பித் திரும்பிப் பறக்கும், வெள்ளைப்பட்டை பத்துத் தடவை உங்கள் பக்கம் திரும்பும். கைதட்டினால் முதுகைக் காட்டிக்கொண்டு நேராகப் போய்விடும். படம் என்று பார்த்தாலும் காத்திருப்பதுதான் லாபம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பத்து வருடத்துக்கு முன் வேறொரு ஏரியில் நானும் இப்படிக் கேட்டிருக்கிறேன். அந்தப் படகோட்டிக்கு மறுக்கத் தைரியம் வரவில்லை, நெருங்கிவிட்டார். அங்கிருந்த ஊசிவால் வாத்துகள் எல்லாம் எழுந்து போய் ஏரியின் அடுத்த கரையில் இறங்கின, எங்களுக்குப் பின்னால் மூன்று படகுகளில் வந்தவர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனார்கள், அதில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

கேள்வி: அந்த ஊர் வழிகாட்டிகளில் பலர் முன்பு பறவை வேட்டையாடியவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நம்புகிற மாதிரி இருக்கிறதா அது? சுற்றுலாக்காரர்களுக்காகச் சொல்லும் கதையாக இருக்காதா? (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கதை இல்லை, நன்றாகப் பதிவான விஷயம். 1990களில் மங்களஜோடி என்றாலே வேட்டைக்கார ஊர் என்றுதான் பெயர். வலை, நாட்டுத் துப்பாக்கி, விஷம் வைத்த இரை எல்லாம் புழக்கத்தில் இருந்தன. பறவை இறைச்சியும் முட்டையும் பக்கத்து ஊர்ச் சந்தைகளுக்குப் போயின. லட்சக்கணக்கில் வந்த பறவைகள் சில ஆயிரங்களாகக் குறைந்தன. அப்போது 'வைல்ட் ஒரிசா' என்கிற அமைப்பு அந்த ஊருக்குள் போய், வேட்டையாடுகிறவர்களிடமே உட்கார்ந்து பேச ஆரம்பித்தது. அதற்குப் பல வருடம் ஆனது. 2000ஆம் ஆண்டு ஊர்க்காரர்களே சேர்ந்து 'ஸ்ரீ ஸ்ரீ மகாவீர் பக்ஷி சுரக்ஷா சமிதி' என்று ஒரு பாதுகாப்புச் சங்கம் வைத்தார்கள், துப்பாக்கி பிடித்தவர்கள் இரவில் காவல் சுற்ற ஆரம்பித்தார்கள். படகுச் சுற்றுலா ஒழுங்காக அமைந்தது அதற்கும் சில வருடங்களுக்குப் பிறகுதான். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் காவல், அப்புறம் பறவை, அதற்கப்புறம்தான் படகும் பணமும். சுற்றுலா வந்ததால் பறவை பிழைத்தது என்று பலர் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. சுற்றுலா, அந்தக் காவல் தொடர்வதற்குச் சோறு போடுகிறது. அவ்வளவுதான், ஆனால் அது பெரிய விஷயம்.

ஏரிக்கும் அதே நேரத்தில் உயிர் வந்தது. சிலிகாவின் கடல்வாய் தூர்ந்துபோய், உப்பு குறைந்து, களை மண்டி, மீன்வளம் சரிந்து கிடந்தது. உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளுக்கான ராம்சார் பட்டியலில் 1981இல் இடம்பெற்ற இந்தியாவின் முதல் நீர்நிலைகளில் ஒன்று, 1993இல் ஆபத்தில் இருக்கும் நீர்நிலைகளின் பட்டியலில் விழுந்தது. 2000 செப்டம்பரில் புதிய கடல்வாய் வெட்டித் திறந்தார்கள், 2002இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. இப்போது ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் கணக்கெடுப்பில் ஏரி முழுக்கச் சுமார் 11 லட்சம் பறவைகள் தேறுகின்றன.

வேட்டையாடியவர் நல்ல வழிகாட்டியாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை என்பது என் எண்ணம். பறவை எந்த நேரத்தில் எங்கே இறங்கும், எவ்வளவு நெருங்கினால் கழுத்தை நீட்டும், இன்னும் எவ்வளவு நெருங்கினால் எழும் என்பதெல்லாம் அவர் பிழைப்புக்காகக் கற்ற பாடம். முன்பு அந்தக் கோட்டைத் தாண்டுவதற்குக் கற்றார், இன்று அந்தக் கோட்டில் நிற்பதற்கு அதே அறிவு உதவுகிறது. நம் கோடியக்கரையிலும் இதுபோல ஒன்று நடந்திருக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பறவைகளுக்கு வளையம் மாட்டி ஆராய்ச்சி செய்தபோது, பறவைக்குக் காயமில்லாமல் பிடித்துக் கொடுத்தவர்கள் பீகாரைச் சேர்ந்த மிர்ஷிகார் என்கிற பரம்பரைப் பறவை பிடிப்பவர்கள்தான். படித்தவர்கள் பலருக்கு வராத கை அது.

கேள்வி: பைனாகுலர் வாங்கவேண்டும். 10x42 பெரிதாகக் காட்டும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (சேலத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: படகுக்கு 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது, வாங்குங்கள். படகு ஆடும், உங்கள் கையும் ஆடும், உருப்பெருக்கம் கூடக்கூட அந்த ஆட்டமும் பெரிதாகும். எட்டில் பார்வைப் பரப்பும் அகலம், பறவையைச் சீக்கிரம் பிடிக்கலாம். கழுத்துவாரை நல்லதாகப் போடுங்கள், தண்ணீரில் விழுந்தால் போனதுதான்.

கேள்வி: வழிகாட்டி எங்களை ஏமாற்றினார் என்று நினைக்கிறேன். ஜனவரியில் போனோம், நீளவால் இலைக்கோழி பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தோம். அவர் பழுப்பும் வெள்ளையுமாக ஒரு சாதாரணப் பறவையைக் காட்டி, இதுதான் அது என்றார். வாலே இல்லை. படத்தில் எவ்வளவு அழகாக நீண்ட வால் இருக்கிறது! (நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அவர் ஏமாற்றவில்லை. நீளவால் இலைக்கோழிக்கு அந்த வால் இனப்பெருக்கக் காலத்தில்தான் உண்டு. மழைக்காலத்தில் கழுத்துப் பின்புறம் தங்க நிறம், உடம்பு கரும்பழுப்பு, அரிவாள்போல் வளைந்த நீண்ட வால் என்று ஜொலிக்கும். அது முடிந்ததும் வால் உதிர்ந்துவிடும். குளிர்காலத்தில் மேலே பழுப்பு, கீழே வெள்ளை, மார்பில் கழுத்துமாலை மாதிரி ஒரு கருங்கோடு. நீங்கள் பார்த்தது அதைத்தான். தெரியாத ஒருவராக இருந்தால் வேறு ஏதாவது பகட்டான பறவையைக் காட்டி உங்களைச் சந்தோஷமாக அனுப்பியிருப்பார், இவர் உண்மையைச் சொல்லி உங்கள் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறார்.

இந்தப் பறவையின் குடும்ப வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அந்த வாலைவிட அதுதான் உங்களுக்குப் பிடிக்கும். பெண்தான் உருவில் பெரியது. ஒரு ஆணுக்கு முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆணிடம் போய்விடும். மிதக்கும் இலைகள்மேல் முட்டையை அடைகாத்து, பொரித்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவதெல்லாம் அப்பாதான். நீண்ட விரல்களால் உடல் எடையைப் பரப்பி வைப்பதால் அல்லி இலைமேல் நடந்தாலும் மூழ்காது. இதைப் பார்க்க ஒடிசா வரை போகவே வேண்டாம், உங்கள் குமரி மாவட்டத்துக் குளங்களிலேயே, தாமரையும் அல்லியும் மிச்சமிருக்கிற குளமாகப் பார்த்து, ஜூலை, ஆகஸ்டில் கரையில் உட்காருங்கள்.

கேள்வி: கர்நாடகத்தில் இருக்கும் ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்துக்குக் குடும்பத்தோடு ஆகஸ்டில் போனோம், வெள்ளம் என்று படகே விடவில்லை. அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். எப்போது போனால் நிச்சயம்? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மேற்கே குடகில் மழை வலுத்துக் கிருஷ்ணராஜ சாகர் அணை நிரம்பினால் உபரி நீரைத் திறப்பார்கள், அது நேரே ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு மேற்கே இருக்கும் இந்தத் திட்டுகளின்மேல்தான் பாயும். ஜூலை, ஆகஸ்டில் அப்படி ஆக வாய்ப்பு அதிகம். நமக்குப் போன பயணம் திரும்ப வரும், தாழ்ந்த பாறையில் முட்டையிட்ட பறவைக்கு அந்த வருடமே போய்விடும். அணை நிலவரம் தினமும் செய்தியில் வருகிறது, அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் பிப்ரவரியிலிருந்து மே வரை போங்கள். மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாம் கூட்டில் இருக்கும், பாறைகளில் ஆற்று ஆலா முட்டையிட்டிருக்கும், முதலைகள் வாயைத் திறந்துகொண்டு வெயில் காயும்.

1940இல் பறவையியலாளர் சாலிம் அலி சொன்னதைக் கேட்டு மைசூர் மகாராஜா சரணாலயமாக்கிய இடம் அது. இடம் மிகச் சிறியது, ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை, அதனால்தான் துடுப்புப் படகு கூடுகளுக்கு அவ்வளவு பக்கத்தில் போகிறது. அங்கே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். குழந்தைகள் கத்தினால் அடக்குங்கள், பெரியவர்கள் யாரும் எழுந்து நிற்கவேண்டாம். உட்கார்ந்திருக்கும் ஆள் பறவைக்குப் படகின் ஒரு பகுதி, எழுந்து நின்றால் மனிதன். தாய்ப்பறவை பயந்து கூட்டைவிட்டு எழுந்தால், காகமும் கரும்பருந்தும் அதற்காகவே காத்திருக்கின்றன. ஏப்ரல் வெயிலில் நிழல் கொடுக்க ஆளில்லாத மொட்டைக் குஞ்சு சில நிமிடங்களிலேயே துவண்டுவிடும்.

கேள்வி: வேடந்தாங்கலில் ஏன் படகு விடுவதில்லை? விட்டால் வருமானம் வருமே? (செங்கல்பட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தேவையில்லை என்பதால். ஏரிக்கரையில் நடந்தாலே நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் இருக்கும் கூடுகள் கண்ணுக்கு நேரே தெரிகின்றன. படகு விட்டால் அந்த மரங்களுக்கு அடியிலேயே போகவேண்டியிருக்கும். கரையிலிருந்து தெரியாத இடத்துக்குத்தான் படகு. தெரியும் இடத்தில் அது வெறும் தொந்தரவு.

கேள்வி: மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனைப் படகில் கூட்டிப்போக ஆசை, ஆனால் பயமாக இருக்கிறது. எதையெல்லாம் பார்க்கவேண்டும்? (சென்னையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்கள் பயம் நியாயமானது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், நம் ஊர்க்காரர்கள்தான், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போன குடும்பங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் விலங்கு பார்க்கப் போன படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். கரையில் மிருகம் தெரிந்ததும் ஆட்கள் ஒரே பக்கம் கூடியது ஒரு காரணம் என்று அப்போது பேசப்பட்டது. இரண்டையும் மறக்கக்கூடாது, குறிப்பாக நம்மைப் போன்றவர்கள். ஏனென்றால் அபூர்வப் பறவை ஒன்று இடதுபக்கம் தெரிந்தால் எல்லாரும் இடதுபக்கம் சாய்வோம், அது கை அனிச்சையாகச் செய்கிற வேலை மாதிரி நடந்துவிடும்.

மகனுக்கு அவன் அளவிலேயே உயிர்காப்புச் சட்டை இருக்கவேண்டும், பெரியவர்கள் சட்டையில் அவன் கழன்று கீழே போய்விடுவான். இல்லையென்றால் ஏறாதீர்கள், டிக்கெட் எடுத்திருந்தாலும் ஏறாதீர்கள். சட்டையைக் கையில் வைத்துக்கொள்வதோ முதுகுக்கு மெத்தையாகப் போட்டுக்கொள்வதோ வேண்டாம், கரையிலேயே வாரை இழுத்துப் பூட்டுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று கேளுங்கள், அதற்குமேல் ஒருவர் ஏறினாலும் இறங்கிவிடுங்கள். காற்று அதிகம், இன்று வேண்டாம் என்று படகோட்டி சொன்னால் வாதாடாதீர்கள். மங்களஜோடி மாதிரி ஆழம் குறைந்த, காற்றுத் தடுப்பாக நாணல் நிற்கிற சதுப்பு குழந்தைகளுக்கு நல்ல தொடக்கம். பழவேற்காடு திறந்த நீர், முகத்துவாரத்துப் பக்கம் இழுப்பு உண்டு. அங்கே அனுமதி இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், கரையில் கூப்பிடுகிற யார் படகிலும் ஏறவேண்டாம். பூநாரையைக் கரைச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

கேள்வி: ஒரே பயணத்தில் சிலிகாவில் டால்பினும் பார்த்துவிடலாமா? (திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பார்க்கலாம், ஒரே நாளில் வேண்டாம். ஐராவதி டால்பின்கள் இருப்பது சாத்தபாடா பக்கம், ஏரியின் மறுகரை, சாலையில் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அங்கே எஞ்சின் படகுகள்தான். டால்பின் தெரிந்த இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள், துரத்தச் சொல்லாதீர்கள். சுற்றி நான்கு படகு ஏற்கெனவே நின்றால் ஐந்தாவதாகப் போய் நிற்கவும் வேண்டாம்.

கேள்வி: அக்கா, நான் முத்துப்பேட்டைப் பக்கம். அப்பாவும் தாத்தாவும் அலையாத்திக் காட்டு வாய்க்கால்களில் மீன்பிடித்தவர்கள், நானும் பிடித்திருக்கிறேன், இப்போது டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடுகிறேன். உங்கள் கட்டுரையை வாசித்ததிலிருந்து நாமும் பறவை பார்க்கப் படகில் ஆட்களைக் கூட்டிப்போனால் என்ன என்று நானும் நண்பர்கள் நான்கு பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கே ஆரம்பிப்பது?

பதில்: தம்பி, வந்த கடிதங்களில் என்னை அதிகம் சந்தோஷப்படுத்தியது உங்களுடையதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

படகு வாங்குவதைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம். அந்தக் காடு வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் வெளியாட்களை உள்ளே கூட்டிப்போனால் முதல் நாளே சிக்கல். வனத்துறையே அங்கே படகில் ஆட்களை அழைத்துப்போகிறது. அந்த ஏற்பாட்டில் பறவை தெரிந்த வழிகாட்டிகளாக உங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பதுதான் சரியான வாசல். தனியாளாகப் போகாமல் ஐந்து பேரும் சேர்ந்து, ஊர்ப் பெரியவர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போங்கள். எழுத்தில் ஒரு மனு இருக்கட்டும்.

அந்த மனுவோடு வைப்பதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கவேண்டும் அல்லவா? அதற்கு இந்த வருடத்தை ஒதுக்குங்கள். பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் இபேர்ட் செயலி இலவசம். வாரம் ஒருநாள், குறிப்பிட்ட ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உட்கார்ந்து, பார்த்த பறவைகளை எண்ணி ஏற்றுங்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, அதில் கலந்துகொண்டால் கூட்டாளிகள் கிடைப்பார்கள். பெயர் தெரியாத பறவையைப் படமெடுத்து அவர்களிடம் கேளுங்கள். சேற்றில் இரை தேடும் உள்ளான்கள் ஆரம்பத்தில் எல்லாம் ஒரே மாதிரி தெரியும், தலை சுற்றும், எல்லாருக்கும் அப்படித்தான். ஒரு வருடப் பட்டியல் கையில் இருந்தால், எந்த மாதம் எந்தத் திட்டில் என்ன வரும் என்று மற்றவர்களுக்குச் சொல்லும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைக் குறைத்து எடைபோடாதீர்கள். நீர் எப்போது வற்றும், எந்தச் சேற்றுத்திட்டு முதலில் வெளியே தெரியும், எந்த வாய்க்காலில் படகு தரைதட்டும், காற்று திரும்பினால் லகூன் என்கிற உப்பங்கழியில் எவ்வளவு நேரத்தில் அலை எழும் என்பதெல்லாம் உங்கள் அப்பாவுக்குத் தெரியும். நீர் வற்றி ஏறுகிற கணக்கு தெரியாமல் கரைப்பறவை காட்ட முடியாது. திட்டு மூழ்கியிருக்கும்போது ஆட்களைக் கூட்டிப்போனால் ஒன்றும் இருக்காது, திட்டு தெரிய ஆரம்பிக்கும் அரை மணி நேரத்தில் எங்கிருந்தோ எல்லாம் வந்து இறங்கும். அந்தக் கணக்கை அப்பாவிடமிருந்து நோட்டில் எழுதி வாங்குங்கள். தாத்தா இருந்தால் பறவைகளுக்கு உங்கள் பக்கம் என்னென்ன பெயர் சொல்வார்கள் என்று அதையும் எழுதிவையுங்கள், அந்தப் பெயர்கள் நம் பறவை நூல்களுக்கே தேவைப்படுகின்றன.

ஆட்களைக் கூட்டிப்போகும் காலம் வந்ததும் உங்களுக்குள் சிலவற்றை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள், பிறகு பேசினால் மனக்கசப்பாகும். யார் படகு எந்த நாள் என்று முறை வைத்துக்கொள்ளவேண்டும், கரையில் நின்று வாடிக்கையாளரை ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கக்கூடாது. கட்டணம் எல்லாருக்கும் ஒன்று. அதில் ஒரு பங்கு, மழைக்காலத்தில் ஆளே வராத மாதங்களுக்காகப் பொதுவில் இருக்கட்டும். எந்தப் பறவைக்கு எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதையும் ஐவரும் சேர்ந்து முடிவெடுங்கள், ஏனென்றால் ஒருவர் மறுத்து இன்னொருவர் நெருங்கிப் போனால் வருகிறவர்கள் எல்லாம் அந்த இன்னொருவரிடமே போவார்கள், மறுத்தவர் பிழைப்பு போகும், கொஞ்ச நாளில் அவரும் நெருங்க ஆரம்பிப்பார். மங்களஜோடியில் ஒரு வழிகாட்டி கோயம்புத்தூர்க்காரரிடம் தைரியமாக முடியாது என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், அடுத்த படகில் இருப்பவரும் அதே பதிலைத்தான் சொல்லுவார் என்று அவருக்குத் தெரியும் என்பதுதான்.

மீன்பிடிப்பை விட்டுவிடவேண்டாம். பறவைக்காக ஆட்கள் வருவது வருடத்தில் நான்கைந்து மாதம், அதிலும் விடுமுறை நாட்களில்தான் அதிகம். மனு கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன். ஜனவரியில் எண்ணப் போகிற நாளையும் எழுதுங்கள், நானும் வருகிறேன்.